நெருக்கடிநிலையை மக்கள் ஏன் வரவேற்றார்கள்?

காவிரிக்கரையான் (இழையைத் தொடங்கியவர்)

நெருக்கடிநிலையைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் அதைக் கொண்டுவந்தவர்களைப் பற்றியே பேசி முடித்துவிடுகிறோம். 1975 ஜூன் 12 அன்று அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி ஜக்மோகன்லால் சின்ஹா, இந்திரா காந்தியின் தேர்தல் வெற்றி செல்லாது என்று தீர்ப்பளித்தார். ஜூன் 25 இரவு குடியரசுத் தலைவர் ஃபக்ருதீன் அலி அகமது நெருக்கடிநிலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டார். அன்றிரவே டெல்லி பகதூர் ஷா ஜாபர் சாலையில் இருந்த நாளிதழ் அலுவலகங்களுக்கு மின்சாரம் துண்டிக்கப்பட்டது. விடிவதற்குள் ஜெயப்பிரகாஷ் நாராயணும் மொரார்ஜி தேசாயும் கைதாகியிருந்தார்கள். இவையெல்லாம் பலரும் பலமுறை எழுதியவை. நான் இங்கே வைக்க விரும்பும் கேள்வி, மறுநாள் காலையில் வழக்கம்போல் வேலைக்குப் போன மக்களைப் பற்றியது.

அவர்களில் பெரும்பாலோர் எதிர்ப்புக் காட்டவில்லை. கணிசமானோர் நிம்மதிப் பெருமூச்சே விட்டார்கள். ரயில்கள் நேரத்துக்கு வந்தன, அரசு அலுவலகங்களில் பத்து மணிக்கு நாற்காலிகள் நிரம்பின, கடைகளில் விலைப்பட்டியல் தொங்கியது, வேலைநிறுத்தமும் கதவடைப்பும் மறைந்தன என்று அந்தத் தலைமுறையினர் இன்றும் நம்மிடம் சொல்வதைக் கேட்டிருப்போம். காந்தியின் வழியில் வந்த வினோபா பாவே அதை 'அனுசாசன பர்வம்', அதாவது கட்டுப்பாட்டின் காலம் என்று அழைத்தார். பெருந்தொழில் அதிபர்கள் வெளிப்படையாகவே ஆதரித்தார்கள். அச்சம்தான் காரணம் என்று சொல்லிக் கடந்துபோவது எளிது. ஆனால் அச்சம் ஒருவனை வாய்மூட வைக்கும். வீட்டுக்குள் தன் மனைவி மக்களிடம் உட்கார்ந்து ஆட்சியாளரை மனமாரப் புகழ வைக்காது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மக்கள் தங்கள் சுதந்திரத்தை ஒப்படைத்ததாக அன்று நினைக்கவே இல்லை. அரசியல்வாதிகள், பத்திரிகைக்காரர்கள், தொழிற்சங்கத் தலைவர்கள், மாணவர் இயக்கத்தார் ஆகிய வேறு யாருடைய சுதந்திரமோ போனதாகவும், அதற்கு ஈடாகத் தங்களுக்கு ஒழுங்கு கிடைத்ததாகவும் கருதினார்கள். இதற்கு எண்ணிக்கையும் துணை நின்றது. விசாரணையின்றிக் காவலில் வைக்கப்பட்டவர்களும் பாதுகாப்பு விதிகளின்கீழ்க் கைதானவர்களும் சேர்ந்து 1,10,000-க்கும் மேற்பட்டோர் என்று, நெருக்கடிநிலை அத்துமீறல்களைப் பின்னாளில் விசாரித்த ஷா ஆணையம் பதிவு செய்தது. அறுபது கோடி மக்கள் வாழ்ந்த நாட்டில் அது ஐயாயிரத்தில் ஒருவர்கூட இல்லை. நம் தெருவில் யாரும் பிடிபடவில்லை என்று பெரும்பாலோரால் உண்மையாகவே சொல்ல முடிந்தது. இதை ஏற்பவர்களும் மறுப்பவர்களும் விரிவாக எழுத வேண்டுகிறேன்.

சிங்காநல்லூர் செல்வி

ஐயா சொல்வதில் பெரும்பகுதி எனக்கு உடன்பாடு. ஆயினும் 1975-க்கு முந்தைய இரண்டு ஆண்டுகளைச் சொல்லாமல் தொடங்கினால், மக்கள் காரணமின்றி ஏமாந்தவர்களாகத் தெரிவார்கள். 1973-இல் எண்ணெய் விலை ஏறியது, மழையும் பொய்த்திருந்தது, 1974-இல் விலைவாசி ஏற்றம் 25 விழுக்காட்டைத் தாண்டியது. அதே ஆண்டு மே மாதம் ஏறத்தாழ 17 லட்சம் ரயில்வே தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அது ஒடுக்கப்பட்ட விதம் பல குடும்பங்களை ரயில்வே குடியிருப்புகளிலிருந்து தெருவுக்குக் கொண்டுவந்தது. குஜராத்திலும் பீகாரிலும் போராட்டங்கள் ஓயவில்லை. மண்ணெண்ணெய்க்கும் ரேஷன் அரிசிக்கும் வரிசையில் நின்று சலித்துப்போன ஒரு குடும்பத் தலைவியிடம் "இனி விலை ஏறாது, எல்லாம் ஒழுங்காக நடக்கும்" என்று ஓர் அரசு சொன்னால், அவள் பேச்சுரிமையும் கூடும் உரிமையும் தரும் அரசியலமைப்பின் 19-ஆம் பிரிவைப் பற்றி யோசித்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது.

விலை குறைந்ததும் உண்மைதான். ஆனால் நெருக்கடிநிலை வருவதற்கு முன்பே, 1974-இன் பிற்பகுதியில் எடுத்த நிதி நடவடிக்கைகளால் அது இறங்கத் தொடங்கிவிட்டது. 1975-இல் பருவமழையும் நன்றாகப் பெய்து, உணவு தானிய விளைச்சல் 12 கோடி டன்னைத் தாண்டியது. மழைக்குச் சேர வேண்டிய பெயரைச் சட்டம் எடுத்துக்கொண்டது. அதை எடுத்துச் சொல்ல வேண்டிய பத்திரிகைகள் தணிக்கைக்குள் இருந்தன.

என் தந்தை பஞ்சாலைத் தொழிலாளி. நெருக்கடிநிலையோடு இந்திரா அரசு அறிவித்த இருபது அம்சத் திட்டத்தைத் தொடக்கத்தில் நம்பியவர்களில் அவரும் ஒருவர். 1975 செப்டம்பரில் ஓர் அவசரச் சட்டம் வந்தது, அதுவரை 8.33 விழுக்காடாக இருந்த குறைந்தபட்ச போனஸை அது 4 விழுக்காடாகக் குறைத்தது. தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. முன்பு என்றால் மறுநாளே ஷிப்ட் மாறும் நேரத்தில் ஆலை வாசலில் சங்கத்தார் கூடிப் பேசியிருப்பார்கள். ஒரு மணி நேரமாவது தறியும் கதிரும் நின்றிருக்கும். அந்த முறை வாசலில் யாரும் கூடவில்லை. "கூட்டம் போடுகிறவனுக்குத்தான் சட்டம் என்று நினைத்தேன்; கூட்டம் போட்டுக் கேட்க வேண்டிய நாள் எனக்கும் வரும் என்று தோன்றவில்லை" என்று அவர் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். தனக்கு வேண்டாத ஒன்றை விட்டுவிட்டதாகத்தான் அவர் எண்ணியிருந்தார். தன் கூலியைக் காத்துவந்ததே அதுதான் என்பது போனஸ் குறைந்த பிறகே அவருக்குத் தெரிந்தது.

ஏர்முனை

நீங்கள் இருவரும் பேசுவது நகரத்தின் கதை. கிராமத்துச் சேரியிலிருந்து பார்த்தால் வேறு காட்சி தெரியும். தந்தை வாங்கிய கடனுக்கு மகன் பண்ணையில் உழைத்துக்கொண்டிருந்த நாட்டில், கொத்தடிமை முறையை ஒழிக்கும் அவசரச் சட்டம் 1975 அக்டோபரில், அதே நெருக்கடிநிலைக் காலத்தில்தான் வந்தது. 1976-இல் அது நிரந்தரச் சட்டமானது. ஊர்ப்புற ஏழைகளின் கடன் வசூலை நிறுத்திவைக்கும் திட்டமும் இருபது அம்சங்களில் ஒன்று. சுதந்திரம் பெற்று கால் நூற்றாண்டுக் காலம், வாக்குரிமையும் பத்திரிகைச் சுதந்திரமும் நாடாளுமன்ற விவாதமும் முழுமையாக இருந்த காலத்தில், அந்த மக்களுக்காக இப்படியொரு மத்தியச் சட்டம் ஏன் வரவில்லை?

நான் நெருக்கடிநிலையை ஆதரிக்கவில்லை. ஆனால் "சுதந்திரத்தை ஒப்படைத்தார்கள்" என்ற சொல்லாட்சி, ஒப்படைக்கும் அளவுக்கு அது எல்லோர் கையிலும் இருந்தது என்று வைத்துக்கொண்டு பேசுகிறது. பண்ணையார் வீட்டு முற்றத்தில் தோளில் துண்டு போட முடியாத ஒருவருக்கு, காவலில் இருப்பவரை நீதிமன்றத்தில் கொண்டுவரக் கோரும் ஆட்கொணர்வு மனு என்பது அவருக்குத் தெரிந்த உலகத்தில் இல்லாத பொருள். பண்ணையாரை அடக்கக்கூடிய வல்லமை அரசுக்கு வந்துவிட்டது என்று கேள்விப்பட்டபோது அவர் மகிழ்ந்தார் என்றால், அவரைக் குறை சொல்வதற்கு முன்பு, மற்ற காலங்களில் ஜனநாயகம் அவரிடம் எவ்வளவு தூரம் வந்து சேர்ந்தது என்று கேட்க வேண்டும்.

காவிரிக்கரையான்

ஏர்முனை அவர்கள் எழுப்பியிருப்பது இந்த இழையின் மிகக் கடினமான கேள்வி. அதை மதித்தே, 1976-இல் வட இந்தியாவில் நடந்ததை இங்கே வைக்கிறேன். அவர் சொல்லும் அதே ஏழை மக்கள்தாம் அங்கே முதலில் பாதிக்கப்பட்டார்கள்.

1976-77 ஆண்டில் நாடு முழுவதும் 80 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சை செய்யப்பட்டது. முந்தைய ஆண்டைக் காட்டிலும் அது ஏறத்தாழ மூன்று மடங்கு. அந்த எண்ணிக்கை எப்படி எட்டப்பட்டது என்பதை ஷா ஆணையத்தின் அறிக்கை விவரிக்கிறது. உத்தரப் பிரதேசத்தில் பள்ளி ஆசிரியர்களுக்கு ஆள் பிடித்துத் தர வேண்டிய இலக்கு விதிக்கப்பட்டது. இலக்கை எட்டாதவர்களின் சம்பளம் நிறுத்தப்பட்டது. பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த மனிதர், மாதச் சம்பளத்துக்காக அதே பிள்ளைகளின் தகப்பன்மாரை முகாமுக்கு அழைத்துப்போக வேண்டிய நிலை அது. ஹரியானாவின் உத்தாவர் என்ற ஊரை 1976 நவம்பரில் காவல்துறை இரவில் சூழ்ந்துகொண்டு ஆண்களைக் கூட்டிச் சென்றது. அதற்கு முன்பே ஏப்ரலில் டெல்லியின் துர்க்மான் வாயிலில் வீடுகள் இடிக்கப்பட்டபோது, எதிர்த்து நின்றவர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. இவை நடந்த மறுநாள் நாளிதழில் ஒரு வரி வரவில்லை. பக்கத்து மாவட்டத்துக்குக்கூட வதந்தியாகத்தான் செய்தி போனது.

இப்போது 1977 மார்ச் தேர்தல் முடிவை வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். உத்தரப் பிரதேசத்தின் 85 தொகுதிகளில் காங்கிரஸுக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. பீகாரின் 54-இலும் ஒன்றுமில்லை. ரேபரேலியில் பிரதமரே தோற்றார். அதே நாட்டில், அதே தேர்தலில், ஆந்திரத்தின் 42 தொகுதிகளில் 41-ஐக் காங்கிரஸ் வென்றது. கேரளத்தில் அதன் கூட்டணி இருபதையும் அள்ளியது. கர்நாடகமும் அதன் பக்கமே நின்றது. தணிக்கை தெற்கிலும் இருந்தது, விசாரணையின்றிக் காவலில் வைக்கும் மிசா சட்டம் தெற்கிலும் இருந்தது, நாடாளுமன்றத்தின் ஆயுள் நீட்டிக்கப்பட்டது எல்லோருக்கும் பொதுவானது. கட்டாயக் கருத்தடையும் வீடு இடிப்பும் மட்டும் வடக்கின் அளவுக்குத் தெற்கில் இல்லை. உரிமைப் பறிப்புக்கு எதிராகத்தான் மக்கள் வாக்களித்தார்கள் என்றால் முடிவு நாடு முழுவதும் ஒன்றுபோல் இருந்திருக்க வேண்டும். அரசின் கை எங்கே வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வந்ததோ அங்கே மட்டும் மக்கள் எழுந்தார்கள்.

கேரளத்தை எண்ணினால் எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை. கோழிக்கோடு மண்டலப் பொறியியல் கல்லூரி மாணவர் ராஜன் 1976 மார்ச் மாதம் பிடித்துச் செல்லப்பட்டு, கக்கயம் முகாமில் வதைக்கப்பட்டு இறந்தார். அவருடைய தந்தை ஈச்சர வாரியர் மகனைத் தேடிப் பல மாதங்கள் அலைந்தார். கேரளம் வாக்களித்தபோது அவர் இன்னும் தேடிக்கொண்டிருந்தார். தேர்தல் முடிந்து ஆட்கொணர்வு மனு போட்ட பிறகே உண்மை வெளிவந்தது. அப்போது முதலமைச்சராகியிருந்த கருணாகரன் பதவி விலக நேர்ந்தது. வாக்குச்சாவடிக்குப் போன மக்களுக்கு ராஜனின் பெயர் தெரிந்திருந்தால் எத்தனை பேர் மாற்றி வாக்களித்திருப்பார்கள்? என்னால் விடை சொல்ல முடியாது. அவர்களுக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டதே தணிக்கையின் வேலை.

வைகை வடகரை

தமிழ்நாட்டைத் தவிர்த்துவிட்டு எழுதியிருக்கிறீர்கள். இங்கே 1976 ஜனவரி 31 வரை ஆட்சியிலிருந்த தி.மு.க. நெருக்கடிநிலையை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. அதுவரை வடக்கிலிருந்து தப்பி வந்தவர்களுக்குக்கூட இங்கே ஓரளவு மூச்சுவிட இடம் இருந்தது. ஆட்சி கலைக்கப்பட்ட உடனே கைதுகள் தொடங்கின. பிப்ரவரி 3, அண்ணா நினைவு நாளன்று, கைதானவர்களின் பெயர்களை அச்சிடத் தணிக்கை இடம் தராத நிலையில், அண்ணா நினைவிடத்துக்கு மலர்வளையம் வைக்க வர இயலாதோர் பட்டியல் என்று முரசொலி வெளியிட்டது. சென்னை மத்தியச் சிறையில் அரசியல் கைதிகள் தாக்கப்பட்டதை நீதிபதி இஸ்மாயில் ஆணையம் பின்னர் விசாரித்துப் பதிவு செய்தது. அங்கே அடிபட்ட முன்னாள் மேயர் சிட்டிபாபு 1977 ஜனவரியில் இறந்தார். இரண்டு மாதம் கழித்து நடந்த தேர்தலில் அ.தி.மு.க., காங்கிரஸ் கூட்டணிதான் பெரும்பாலான தொகுதிகளை வென்றது.

உங்கள் வாதத்துக்கு இது வலுச் சேர்ப்பதுபோல் தோன்றும். ஆனால் எச்சரிக்கை வேண்டும். எம்.ஜி.ஆரின் செல்வாக்கு, தி.மு.க. ஆட்சிமீது எழுந்த ஊழல் புகார்கள், சர்க்காரியா ஆணையம் என எத்தனையோ காரணங்கள் அந்த வாக்குக்குள் இருந்தன. அதை நெருக்கடிநிலைக்கு அளித்த ஒப்புதல் என்று மட்டும் படிக்கக் கூடாது. இருப்பினும் சிறையில் நடந்தது கட்சிக்காரர்களுக்கு நடந்ததாக மக்கள் எடுத்துக்கொண்டார்கள் என்ற அளவில் நான் உடன்படுகிறேன்.

வடமராட்சி வாசகர்

பிறருடைய சுதந்திரத்தை விட்டுக்கொடுப்பது பற்றிய பேச்சு என்பதால், வாக்குச்சீட்டிலேயே அது நடந்த ஒரு நிகழ்வைச் சேர்க்கிறேன். இலங்கையில் 1982 டிசம்பர் 22 அன்று ஒரு பொதுசன வாக்கெடுப்பு நடந்தது. 1977-இல் ஆளுங்கட்சிக்கு ஆறில் ஐந்து பங்கு ஆசனங்களோடு தெரிவான பாராளுமன்றத்தை, பொதுத் தேர்தல் இல்லாமலே மேலும் ஆறு ஆண்டுகளுக்கு நீடிக்கலாமா என்பதுதான் கேள்வி. ஆம் என்போருக்கு விளக்குச் சின்னம், இல்லை என்போருக்குக் குடம். அவசரகாலச் சட்டம் நடைமுறையில் இருந்தது. அச்சுறுத்தலும் முறைகேடும் நடந்தன. அதனால் அதை முழு விருப்பத்தோடு அளித்த வாக்கு என்று சொல்ல மாட்டேன். என்றாலும் 54 வீதத்துக்கும் மேல் விளக்குக்குக் கிடைத்தது. யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களித்த பத்துப் பேரில் ஒன்பது பேர் குடத்துக்குப் போட்டார்கள்.

தெற்கில் விளக்குக்குப் போட்ட பலருக்கு அது ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தனாவின் பொருளாதாரக் கொள்கை தடைப்படாமல் தொடர்வதற்கான வழியாகத் தோன்றியது. எங்களுக்கோ, எங்கள் குரலுக்கு எடையே இல்லாத ஒரு சபை 1989 வரை நிலைத்துவிட்டது. 1983 ஜூலை கலவரத்தின்போதும், அதற்கு அடுத்த மாதமே, தனிநாட்டுக் கோரிக்கைக்கு எதிராக உறுதிமொழி கேட்ட ஆறாவது திருத்தம் வந்து தமிழ்ப் பிரதிநிதிகள் சபையில் இருக்க முடியாமல் போனபோதும் அதே பாராளுமன்றம்தான் இருந்தது. தேர்தலில் வெளிப்பட்டிருக்க வேண்டிய கோபத்துக்கு வேறு வழி இல்லாமற் போனது எங்கள் பக்கத்தோடு நிற்கவில்லை. 1987-க்குப் பிறகு தெற்கிலும் இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். விளக்குக்குப் போட்ட வீடுகளின் பிள்ளைகளும் அவர்களில் இருந்தார்கள். காவிரிக்கரையான் ஐயா சொல்லும் கணக்கில் இந்த ஒன்றைச் சேர்க்க வேண்டும்: பிறருடையது என்று எண்ணிக் கொடுத்தது தன்னுடையதும்தான் என்பது தெரியவருவதற்குள் ஏழெட்டு ஆண்டுகள் போய்விடலாம்.

சட்டம் பயிலும் மாணவி

உங்கள் அனைவரின் விளக்கத்துக்கும் அடங்காத ஒரு நாடு இருக்கிறது. மத்திய அமெரிக்க நாடான எல் சால்வடாரில் 2022 மார்ச் கடைசி வாரத்தில் மூன்றே நாட்களில் 87 பேரைக் கும்பல்கள் கொன்றன. அதைத் தொடர்ந்து அறிவிக்கப்பட்ட, அடிப்படை உரிமைகளை நிறுத்திவைக்கும் விதிவிலக்கு நிலை மாதந்தோறும் நீட்டிக்கப்பட்டுவருகிறது. 80,000-க்கும் மேற்பட்டோர் சிறையில் அடைக்கப்பட்டார்கள். அறுபது லட்சத்துச் சொச்சம் பேர் வாழும் நாட்டில் இது நூற்றில் ஒருவருக்கு மேல். இங்கே "நம் தெருவில் யாரும் பிடிபடவில்லை" என்று யாரும் சொல்லிக்கொள்ள முடியாது. குற்றமற்றவர்கள் பலர் பிடிபட்டார்கள் என்பதை அரசே ஆயிரக்கணக்கானோரை விடுவித்து ஒப்புக்கொண்டது. ஆயினும் 2024 பிப்ரவரியில், தொடர்ந்து இரண்டாம் முறை போட்டியிட அரசியலமைப்பு விதித்திருந்த தடையைத் தாண்டி நின்ற அதிபர் புக்கேலே, 80 விழுக்காட்டுக்கும் மேல் வாக்குகள் பெற்று வென்றார்.

ஏர்முனை அவர்களின் பதிவைப் படித்த பிறகே இது எனக்கு ஓரளவு விளங்கியது. அந்த மக்கள் தங்கள் குடியிருப்பிலிருந்து அடுத்த குடியிருப்புக்குப் போகவே முடியாமல் இருந்தவர்கள், ஏனெனில் நடுவில் இரண்டு கும்பல்களின் எல்லை இருந்தது. பெட்டிக்கடைக்காரர் முதல் பேருந்து ஓட்டுநர் வரை கும்பலுக்குக் கப்பம் கட்டினார்கள். அவர்களைப் பொறுத்தவரை சுதந்திரம் ஏற்கெனவே கும்பலிடம் பறிபோயிருந்தது. மாலையில் பிள்ளைகள் தெருவில் விளையாடும் சுதந்திரத்தை அரசு மீட்டுத் தந்தது. அவர்கள் கண்ட பயன் பொய்யில்லை. ஆயினும் ஐயத்தோடு நான் கேட்கும் கேள்வி: கும்பல் ஒழிந்த பிறகும் அந்த அதிகாரம் ஏன் திரும்பத் தரப்படவில்லை? 2025 ஜூலையில் அதிபர் எத்தனை முறை வேண்டுமானாலும் போட்டியிடலாம் என்று அரசியலமைப்பே மாற்றப்பட்டுவிட்டது.

காவிரிக்கரையான்

மாணவியின் பதிவு என் விளக்கத்தின் எல்லையைக் காட்டிவிட்டது, அதை ஏற்கிறேன். தருகிறவர்களின் காரணங்கள் இடத்துக்கு இடம் வேறுபடும் என்றும், பல வேளைகளில் அவை நியாயமானவை என்றும் சொல்வதே சரி. கொடுத்ததைத் திரும்பக் கேட்கும் வழி அவர்கள் கையில் மிஞ்சியிருக்கிறதா என்பதில்தான் மற்றவை அடங்கியிருக்கின்றன.

1976 ஏப்ரல் 28 அன்று ஜபல்பூர் கூடுதல் மாவட்ட மாஜிஸ்திரேட் வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பை இந்தக் கண்ணோட்டத்தில் படியுங்கள். ஒன்பது உயர் நீதிமன்றங்கள் ஆட்கொணர்வு மனுவை விசாரிக்கலாம் என்று சொல்லியிருந்தன. விசாரணையின்போது நீதிபதி எச்.ஆர். கன்னா, ஒரு காவல் அதிகாரி சொந்தப் பகையால் ஒருவரைக் கொன்றுவிட்டால்கூட நெருக்கடிநிலையில் நிவாரணம் கிடையாதா என்று கேட்டார். அரசின் தலைமை வழக்கறிஞர் நிரேன் டே, தம் வாதத்தின்படி கிடையாது என்றே பதில் சொன்னார். நான்கு நீதிபதிகள் அரசின் பக்கம் நின்றார்கள். கன்னா ஒருவர் மறுத்தார். மறு ஆண்டு அவருக்குச் சேர வேண்டிய தலைமை நீதிபதிப் பதவி இளையவரான எம்.எச். பெக்குக்குப் போனது, கன்னா பதவி விலகினார். அந்த நால்வரை யாரும் சிறையில் போடுவதாக மிரட்டவில்லை. அவர்களுக்கு விலைவாசிக் கவலையும் இல்லை, கொத்தடிமைத் துயரும் இல்லை. வரிசையில் நின்ற குடும்பத் தலைவியையும் பஞ்சாலைத் தொழிலாளியையும் நான் மன்னிப்பேன். உரிமையைக் காப்பதே தொழிலாகக் கொண்டவர்கள் அதை எடுத்துக் கொடுத்ததை மன்னிக்க என்னால் முடியவில்லை. அந்தத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் வெளிப்படையாகத் தவறென்று தள்ள 2017 வரை ஆயிற்று.

எஞ்சியிருந்தது வாக்குப்பெட்டி ஒன்றுதான். 1977 ஜனவரி 18 அன்று தேர்தல் அறிவிக்கப்பட்டபோது, தனக்கு வரும் செய்திகளை நம்பி வெற்றி உறுதி என்று ஆட்சி எண்ணியிருந்தது என்பார்கள். பத்திரிகையை அடைத்த அரசுக்கு உத்தாவரின் கோபம் எந்த வழியாகக் காதில் விழுந்திருக்கும்?

சிங்காநல்லூர் செல்வி

1977-இல் எல்லாம் மீண்டுவிட்டது என்று இந்த இழை முடிந்துவிடக் கூடாது என்பதால் எழுதுகிறேன். தமிழ்நாட்டில் 1982 முதல் குண்டர் தடுப்புச் சட்டம் இருக்கிறது. காவல் ஆணையரோ மாவட்ட ஆட்சியரோ ஆணையிட்டால், விசாரணையின்றி ஓராண்டு வரை ஒருவரை உள்ளே வைக்கலாம். அந்த ஆணைகளில் பலவற்றைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்கிறது; ஆனால் வழக்கு விசாரணைக்கு வருவதற்குள் பல மாதங்கள் கழிந்துவிடுகின்றன. யாரோ ஒருவர்மீது 'குண்டாஸ் பாய்ந்தது' என்று செய்தி வரும்போது அதன் கீழே வரும் கருத்துகளைப் படித்துப் பாருங்கள். மகிழ்ச்சிதான் நிறைந்திருக்கும். கைதானவர் செய்ததாகச் சொல்லப்படும் குற்றம் கொடியதாக இருந்தால் எனக்கே முதலில் மகிழ்ச்சிதான் எழுகிறது. என் தந்தையும் 1975 ஜூலையில் அப்படித்தான் மகிழ்ந்தார்.

சட்டம் பயிலும் மாணவி

செல்வி அம்மா சொன்னதோடு ஒரு செய்தியைச் சேர்க்கிறேன். 1977 தேர்தலில் வென்று வந்த ஜனதா கட்சியின் ஆட்சியில் 1978-இல் நிறைவேறிய 44-ஆவது திருத்தத்தால், நெருக்கடிநிலையிலும் உயிர்வாழும் உரிமையைப் பறிக்க முடியாது. 'உள்நாட்டுக் குழப்பம்' என்ற காரணமும் 'ஆயுதம் தாங்கிய கிளர்ச்சி' என்று மாற்றப்பட்டது. இவற்றைப் பாடத்தில் பெருமையோடு படிக்கிறோம். அதே திருத்தத்தின் 3-ஆம் பிரிவு தடுப்புக் காவலைப் பற்றியது: ஆலோசனைக் குழுவின் ஒப்புதலின்றி ஒருவரை அடைத்துவைக்கும் காலத்தை மூன்று மாதத்திலிருந்து இரண்டாகக் குறைக்கவும், அந்தக் குழுவை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியின் பரிந்துரைப்படி அமைக்கவும் அது வகைசெய்தது. அதை எழுதியவர்களில் பலர் மிசாவில் உள்ளே இருந்து வந்தவர்கள். அந்தப் பிரிவை நடைமுறைக்குக் கொண்டுவரும் அறிவிப்பை அவர்களின் அரசும் வெளியிடவில்லை. பின்னால் வந்த எந்தக் கட்சியின் அரசும் வெளியிடவில்லை. நாடாளுமன்றம் நிறைவேற்றிய அந்தப் பிரிவு இன்றுவரை நடைமுறைக்கு வராமலே இருக்கிறது. அதை நடைமுறைப்படுத்தக் கோரி இங்கே உள்ளவர்கள் கையெழுத்திடத் தயார் என்றால், மனுவின் வரைவை நான் எழுதித் தருகிறேன்.